ஒப்புக்கொடுத்த மறுநாள்

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. திருப்பரங்குன்றத்தில் வீடு. பைக் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் முருக பக்தர்கள், நான் ஒரே மகன். பல வருடமாகக் குடி. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக்கூடக் குடித்திருக்கிறேன். நண்பர் ஒருவர் கூட்டிப்போன கன்வென்ஷனில் அழுது என்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தேன். ஒன்றரை மாதம் நன்றாக இருந்தேன். தினமும் போன் செய்துகொண்டிருந்த அந்த நண்பர் வேலைக்காகக் கோயம்புத்தூர் போனார். நான் பழைய கூட்டாளிகளோடு போய்விட்டேன். மறுபடி கூட்டம், மறுபடி தீர்மானம், மறுபடி விழுந்தேன். எனக்கு வந்தது மனமாற்றமா, வெறும் உணர்ச்சியா? சீக்கிரம் ஞானஸ்நானம் எடுத்தால் நிலைத்துவிடுவாய் என்கிறார்கள். அம்மாவோ, "எனக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போச்சே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய?

பதில்:

தம்பி, அன்று நீங்கள் அழுதது பொய்யில்லை. பாட்டும் மைக்கும் சேர்ந்தால் கண்ணீர் எளிதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அப்படி வந்த கண்ணீரையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒருவன் அழுதால் அது நல்ல அழுகைதான். ஆனால் அந்த ஒரு இரவை வைத்து இது மனமாற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. உங்களாலும் முடியாது. சபையில் நான் திடப்படுத்தல் வகுப்பு எடுத்த காலம் முழுவதும் பார்த்ததைச் சொல்கிறேன். விம்மி அழுதவர்களில் நிலைத்தவர்களும் உண்டு, காணாமல் போனவர்களும் உண்டு. கண் கலங்காமல் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான். மறுநாள் காலையிலிருந்து அவர்களைத் தாங்க யார் இருந்தார்கள், என்ன ஒழுங்கு இருந்தது என்பதில்தான் இவர்கள் இரு வகையாகப் பிரிந்தார்கள்.

இதற்கு உங்கள் தெருவிலேயே சாட்சி உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்த ஆள், மண்டல விரதம் 41 நாளும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. அது வேஷம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாட்களில் அவரைத் தாங்கியவற்றை எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் குளியல், செருப்பில்லாத கால், கறுப்பு வேட்டி, சாயங்கால பஜனை, தலைக்கு மேல் ஒரு குருசாமி, கூட மாலை போட்ட ஏழெட்டுப் பேர். தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடுகிறது. பழைய கூட்டாளிகூட அந்த நாட்களில் அவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் இவை எல்லாம் சேர்ந்தாற்போல் போய்விடுகின்றன. மனிதரும் மாறவில்லை, அவருடைய மன உறுதியும் மாறவில்லை. தாங்கிப் பிடித்த கைகள்தான் இல்லை. நம் சபைகளிலும் லெந்து நாட்கள் நாற்பதும் ஒழுங்காக இருந்துவிட்டு, உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த வாரமே பழையபடி ஆகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் ஒன்றரை மாதமும் அப்படிப்பட்டதுதான். தினமும் ஒருவர் போன் செய்தார், நீங்கள் நின்றீர்கள். போன் நின்றது, விழுந்தீர்கள். ஆகவே "என் தீர்மானம் உண்மையானதா" என்று உங்களையே குடைந்துகொண்டிருப்பதை விடுங்கள். அந்தத் தீர்மானத்தை நாளைக்கு யார் தாங்குவார்கள், எது தாங்கும் என்று பாருங்கள். இன்னொரு கூட்டத்துக்குப் போய் இன்னொரு முறை கை தூக்க வேண்டாம். ஒப்புக்கொடுத்தது ஒப்புக்கொடுத்ததுதான். ஆண்டவர் அதை மறக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துகிறவர்களுக்கு மதுரையின் கதையைச் சொல்லுங்கள். 1606இல் இங்கே வந்தவர் இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, தமிழில் தத்துவ போதகர். அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் ஏறத்தாழ இருபது நாள், நாளைக்கு நாலைந்து மணி நேரம், தெ நோபிலியோடு வாதாடினார். படைப்பு, மறுபிறவி, ஆன்மா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுத் தீர்த்துக்கொண்ட பிறகே தலை குனிந்து தண்ணீரை ஏற்றார். தெ நோபிலி சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வி கேட்கிறவனைக் கேட்க விட்டு, பொறுத்திருந்து பதில் சொன்ன அந்தப் பண்பை நாம் தொலைத்துவிட்டோம்.

இன்னொருவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பம், கம்பனில் ஊறிய புலமை. 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறிஸ்தவர்கள் நடுவிலேயே வேலை பார்த்தும் உடனே மாறிவிடவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1858இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். வீட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவருடைய பெரிய காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் அச்சில் வந்தது 1894இல். திருமுழுக்குக்கும் அந்த நூலுக்கும் இடையில் 36 வருடம். இவ்வளவு காத்திருந்தவர் எடுத்துக்கொண்ட கதையையும் பாருங்கள். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதை அது. சுமையோடு ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். சேற்றில் விழுகிறான், வழி தவறுகிறான், சிறைப்படுகிறான், துணை கிடைத்து மறுபடி நடக்கிறான். மனம் மாறிய அந்த ஒரு கணத்தைப் பாடி நிறுத்தியிருந்தால் காப்பியம் அளவுக்கு அது வளர்ந்திருக்காது.

இனி செய்ய வேண்டியவை. முதலில் உடம்பு.

பல வருடமாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்று மனக்குழப்பமும் வரலாம். இது உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. இதைப் பிசாசு என்று சொல்லி அறைக்குள் பூட்டி ஜெபிக்கிறவர்களை அருகில் விடாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சில நாள் படுக்கையில் வைத்து மருந்து கொடுப்பார்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. மூன்றாம் நற்செய்தியை எழுதியவர் லூக்கா என்ற வைத்தியர் என்றுதானே சபை காலங்காலமாகச் சொல்லிவருகிறது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உபவாசமும் வேண்டாம். சர்க்கரை நோயோ வேறு மருந்தோ இருந்தால், எந்தப் போதகர் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள்.

அடுத்தது காலை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தினமும் ஒரு மணி நேர ஜெபம், ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்று ஆரம்பிப்பார்கள். ஆதியாகமம் ஆர்வமாகப் போகும், யாத்திராகமத்தின் பாதியில் கால் தளரும், லேவியராகமத்தில் புத்தகம் மூடிவிடும். நீங்கள் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளைக்கு ஒன்று போதும். எழுந்ததும் முகம் கழுவி, செல்போனைத் தொடுவதற்கு முன்னால், பத்தே நிமிடம் வாசித்து ஜெபியுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. சத்தமாக ஜெபிக்க வேண்டாம். அப்பா அம்மா தூங்கட்டும். 16 நாள் முடிந்ததும் மறுபடி மாற்கு. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் சீஷர்கள் எத்தனை தடவை புரியாமல் விழித்தார்கள், எத்தனை தடவை தவறினார்கள் என்பது கண்ணில் படும்.

ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்ச தூரம் ஓடுவது போன்ற சின்னப் பழக்கங்கள்தான் அவர்கள் எடுத்துக்கொண்டவை. கிடைத்த நடுவளவு 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் பிடிபட்டது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. குடியை விடுவது பழம் சாப்பிடுவதைவிடப் பல மடங்கு கடினம். ஆனாலும் நீங்கள் நின்ற ஒன்றரை மாதம், அந்தச் சின்னப் பழக்கங்களின் நடுவளவைக்கூட எட்டவில்லை. விதை முளைவிட்டதா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கிற நேரத்தில்தான் உங்கள் பக்திக்கு நீங்களே தோல்வி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. காலை ஜெபம் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டியதில்லை. வழக்கமான பத்து நிமிடத்தையே செய்யுங்கள்.

காலையைவிட ஆபத்தானது சாயங்காலம். கடை மூடி நீங்கள் கிளம்பும் நேரமும் டாஸ்மாக்கில் கூட்டம் சேரும் நேரமும் ஒன்று. அந்த நேரத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம், வழியை மாற்றுங்கள். பத்து நிமிடம் கூடினாலும் அந்தக் கடை கண்ணில் படாத தெருவாக வீட்டுக்குப் போங்கள். பசியோடு கிளம்பாதீர்கள், வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சனிக்கிழமைச் சம்பளம் உங்கள் கைக்கு வருகிறது என்றால் அதைப் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைச் செல்போனோடு இணைக்க வேண்டாம். பழைய கூட்டாளிகளைத் திட்ட வேண்டியதில்லை, அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவும் வேண்டாம். பகலில் டீக்கடையில் பாருங்கள், இருட்டிய பிறகு பார்க்காதீர்கள்.

இப்போது ஆட்கள். ஒரே ஒரு நண்பரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் உங்கள் பலவீனம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஆலயக் கடனை அடைக்க ஒரு வழி கண்டார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் தலைவர். அவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வீடு போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்குவார். காசுக்குப் போனவர் வீட்டு நிலவரத்தையும் பார்த்தார். இவன் மறுபடி குடிக்கிறான், அந்த வீட்டில் சண்டை, இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல். கடன் அடைக்க வந்த ஏற்பாடு, ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற கூட்டமாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கம் நிலைத்ததில் பிரசங்கங்களைவிட இந்தச் சின்னக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு என்பது என் எண்ணம். நம் ஊரில் இதைப் புரிந்துவைத்திருப்பவர்கள் பெண்கள். மதுரையின் தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் குழுக்களைப் பாருங்கள். குறித்த நாளில் கூடுகிறார்கள், சின்னத் தொகை சேமிக்கிறார்கள், வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள்.

உங்கள் சபையில் மூன்று நான்கு ஆண்களைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் உங்களைவிட மூத்தவராகவும் பொறுமையுள்ளவராகவும் இருக்கட்டும். இந்த வாரம் எங்கே தடுமாறினேன், யாருக்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று இரண்டை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லுங்கள், பிறகு ஜெபியுங்கள். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அதை ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊருக்குச் சொல்கிறவரை அடுத்த வாரம் கூப்பிடாதீர்கள். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நடக்கும் இடத்தை விசாரித்து அங்கேயும் போங்கள். சபையில் இருப்பவர்கள் உங்களை நேசிப்பார்கள். குடித்து எழுந்தவர்களுக்கு அதோடு, நீங்கள் சொல்கிற சாக்குகளை அடையாளம் கண்டுகொள்ளவும் தெரியும்.

அந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவில் பிறந்தபோது, ஃபிராங்க் பக்மேன் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திடமிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று, யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று எழுதி, முடிந்தவரை ஈடு செய்வது. சகேயுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்திலிருந்து இறங்கியவன் தான் அனுபவித்த சமாதானத்தைப் பற்றி நீளமாகச் சாட்சி சொல்லவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொன்னான்.

உங்கள் கணக்கில் முதல் வரி அம்மாவின் தோடு. சீட்டை எடுத்துப் பாருங்கள், வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, ஏலத் தேதி எப்போது என்று விசாரியுங்கள். அதை மீட்கும்வரை தசமபாகம், விசேஷக் காணிக்கை, வீட்டுக்கு வருகிற பிரசங்கியாருக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். இதைச் சொல்வதற்குச் சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள். பரவாயில்லை. மாற்குவை வாசிக்கிறபோது ஏழாம் நாள் நீங்களே பார்ப்பீர்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அந்த அதிகாரத்தில் இருக்கிறது. தோட்டை மீட்டுக் கையில் கொடுக்கும்போது சாட்சி எதுவும் சொல்லாதீர்கள். "அம்மா, இது உங்களோடது" என்றால் போதும்.

குடியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனமாற்றத்தைக் குடி, சிகரெட், சினிமாவோடு முடித்துவிடுகிறவர்கள் அதிகம், சாதியைத் தொடுவதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பசுமலையில், 1845இல், மிஷனரி வில்லியம் டிரேசி திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி வந்து சேர்ந்தது. அடுத்த சில வருடங்களில் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. சாதியை விட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள். வேதம் கற்பித்தவர்கள், ஜெபித்தவர்கள், மிஷன் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். எல்லாம் முடிந்தது, பக்கத்து இலையில் உட்காருவதுதான் முடியவில்லை. அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை, தம்பி. அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பறட்டை என்ற தியாப்பிலஸ் அப்பாவு 2005இல் மறைந்தார். பாட்டிலும் வழிபாட்டிலும் அவர் விடாமல் வற்புறுத்தியது ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதைத்தான். உங்கள் வாரக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே சாதியாக இருந்தால், அடுத்ததாகச் சேர்க்கிறவரை யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுங்கள். யார் வீட்டுக்குப் போகத் தயங்குகிறீர்களோ, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.

இப்போது அம்மா.

ராமநாதபுரம் சீமையில் ஓரியூருக்குப் போயிருக்கிறீர்களா? 1693 பிப்ரவரி 4 அன்று ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தர் அங்கே வெட்டுண்டார். அதற்குக் காரணமாக அமைந்தது தடியத்தேவர் என்ற மறவர் தலைவரின் மனமாற்றம். நோய் தீர்ந்து விசுவாசத்துக்கு வந்த அவர், திருமுழுக்குக்காக முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் முறையிட்டார், சேதுபதியின் கோபம் அருளானந்தர்மேல் திரும்பியது. அருளானந்தரை 1947இல் புனிதர் என்று அறிவித்தார்கள். தடியத்தேவரின் உறுதியையும் போற்றுகிறோம். ஆனால் ஒரே நாளில் வாழ்க்கை மாறிப்போன அந்தப் பெண்களைப் பற்றிப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. ஒருவர் உறுதியாக நிற்கும்போது அதற்கான விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. உங்கள் விஷயத்தில் பெரும்பங்கு விலையை அம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் குடித்தபோதும் அவரே கொடுத்தார்.

ஆகவே அவர் சாமி படத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். விக்கிரகம், பிசாசு என்று அவர் காதில் விழும்படி ஒரு வார்த்தை பேசாதீர்கள். சஷ்டி விரதம் இருக்கும் நாளில் அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள், கார்த்திகைக்குக் கடைச் சாமான் வாங்கி வாருங்கள், பங்குனித் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டி வாருங்கள். பூசையில் பங்கெடுக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் தள்ளி நில்லுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். படைத்த பொங்கலைச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். கொரிந்து சபையிலும் இதே குழப்பம் இருந்தது, பவுல் அதற்கு நீண்ட பதில் எழுதியிருக்கிறார். முதல் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் உங்கள் குழுவோடு பொறுமையாக வாசியுங்கள். சாப்பிடுவதோ மறுப்பதோ, எதைச் செய்தாலும் அம்மாவின் கையை அவமானப்படுத்தாமல் செய்யுங்கள்.

கொள்ளி வைக்கும் கேள்வியை ஒத்திப்போடாதீர்கள். அவர் பேச்சை நிறுத்தியது இந்தப் பயத்தினால்தான். கடைசியில் என் பிள்ளை ஒதுங்கி நிற்பானோ என்று அவர் பயப்படுகிறார். சபைகளில் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. சில ஆயர்கள் சடங்கில் கலக்காமல் தீயை மட்டும் வைக்கலாம் என்பார்கள், சிலர் கூடாது என்பார்கள். என் கருத்தைக் கேட்டால், பெற்றவளின் சிதைக்குத் தீ வைப்பது மகன் செய்யும் கடைசி வேலை. அதை அன்போடும் ஜெபத்தோடும் செய்கிறவனைக் கர்த்தர் தள்ளிவிடுவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் முடிவு உங்கள் மனச்சாட்சியினுடையது. முடியாது என்று தோன்றினால் அதை இப்போதே சித்தப்பா மகனிடமோ மாமா மகனிடமோ பேசி வையுங்கள். துக்க வீட்டில் சண்டையாக விடாதீர்கள். எந்த முடிவானாலும் அம்மாவிடம் சொல்லுங்கள். பாடையைத் தூக்குவேன், சுடுகாடு வரை வருவேன், முடியும்வரை நிற்பேன், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன். இதை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டார். எத்தனையோ தடவை "இனி குடிக்க மாட்டேன்" என்று கேட்டு ஏமாந்தவர் அவர்.

ஞானஸ்நானத்தைப் பற்றி. குடியை நிறுத்தும் மருந்தாக அதை எடுக்காதீர்கள், அது அதற்காக ஏற்பட்டதல்ல. ஒரு வருடம் போகட்டும் என்பது என் ஆலோசனை. அந்த வருடத்தில் மாற்குவைச் சில முறை முடித்திருப்பீர்கள், தோடு வீட்டுக்கு வந்திருக்கும், வாரக் கூட்டத்தில் உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள், ஒருவேளை ஒருமுறை விழுந்து எழுந்தும் இருப்பீர்கள். விழுந்தால் அன்றைக்கே அந்த நாலு பேரில் ஒருவரிடம் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் ஒரு நாள் குடி ஒரு மாதக் குடியாகிவிடும்.

சட்ட விஷயம் ஒன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உங்கள் சாதி எதுவென்று நீங்கள் எழுதவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறியபின் அந்த நிலை தொடராது. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். விசுவாசத்தில் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒருவரின் கோரிக்கையை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. இந்த ஏற்பாடு அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக இதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா ஆபீஸில் ஒரு பெயர் என்று இரண்டாக வாழத் தொடங்கினால் அந்தப் பயம் ஜெபத்துக்குள்ளும் வந்துவிடும். சலுகையை இழந்தால் வேலையில், பிள்ளைகள் படிப்பில் என்ன ஆகும் என்று வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்தே கொடுக்கிற விலை ஒன்று, பின்னால் தெரிந்து கசப்பது வேறு. எது செய்தாலும் வேலை தருகிறேன், பணம் தருகிறேன், வீடு தருகிறேன் என்று சொல்லி ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் போகாதீர்கள்.

வருடம் முடிந்து ஆயரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அப்பாவையும் கேளுங்கள், வருகிறார்களா என்று. வந்தால் ஆயரிடம் அவர்களே கேட்கட்டும். எங்கள் பையனை எங்களிடமிருந்து பிரித்துவிடுவீர்களா, பெயரை மாற்றுவீர்களா, எங்கள் சாவுக்கு விடுவீர்களா, பெண் யார் பார்ப்பது என்று மனதில் இருப்பதையெல்லாம் கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் கேள்விகளுக்குப் பொறுமையாக, நேராகப் பதில் சொல்கிற ஆயரிடம் திருமுழுக்கு எடுங்கள். எரிந்து விழுகிறவராக இருந்தால் வேறு ஆயரைத் தேடுங்கள். மதுரையில் ஆயர்களுக்குக் குறைவில்லை. அம்மா வர மறுத்தால் தேதியை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இன்னொருவர் வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம். அதற்கு முன்னால், இந்த வாரமே, மருத்துவமனைக்குப் போங்கள்.